அட்டையில் சொட்டிய எண்ணெய்

ஆர்செசியோவைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியான ஆள் மிரலிந்தோவில் கிடையாது. பள்ளிக்கூடத்தில் நான் கூட்டல் வரைக்கும்தான் போனேன். பெருக்கலைச் சந்தையில் கற்றுக்கொண்டேன். இன்றைக்குச் சதுக்கத்து ஜீப் வரிசையில் என் பேரில் மூன்று வண்டி நிற்கிறது. எவனும் கொடுத்ததல்ல, மூட்டை தூக்கி வாங்கியது. நெப்தாலி என்று சொல்லிப் பாருங்கள், மலைமேல் இருக்கும் நாய்கூட வாலை ஆட்டும்.

ஆர்செசியோவிடம் இருப்பது ஒரே ஜீப். அவன் அப்பா ஓட்டிய பழைய வில்லீஸ். காலையில் லா எஸ்ட்ரெல்யா மலைக்கு ஆளும் கோழியும் உரமும் ஏற்றிப் போவான். சாயங்காலம் காப்பி மூட்டையோடு இறங்குவான். சுற்றிலும் ஆட்கள் தொங்குவதில் ஜீப் எங்கே என்று தேட வேண்டும். அந்த ஒரு தடத்தில்தான் அவன் வீட்டு அடுப்பு எரிகிறது. வாழ்க்கையில் அவனுக்கு வாய்த்த பெருமை ஒன்றே ஒன்று. போன திருவிழா ஜீப் ஊர்வலத்தில் வண்டியின் பின்பக்கம் கட்டில், பீரோ, வாழைத்தார் என்று ஒரு குடித்தனத்தையே ஏற்றி, முன்சக்கரம் இரண்டும் வானத்தைப் பார்க்க, ஸ்டீயரிங்கில் ஆளில்லாமல் வண்டியைச் சுற்றவிட்டு மரக்கோப்பை வாங்கினான். நான் அந்தக் கோப்பையை அவனுக்கு முன்னாலேயே இரண்டு தடவை வாங்கியவன். அது இருக்கட்டும்.

திருவிழாவுக்கு அப்புறம் சதுக்கத்தில் புதுக்கல் பாவினார்கள். ஓட்டுநர் சங்கம் ஒரு விதி போட்டது. வரிசையில் நிற்கிற ஜீப்புக்கு அடியில் அட்டை விரிப்பார்கள்; எண்ணெய் சொட்டினால் வண்டி வீட்டுக்குப் போக வேண்டியது. அடுத்த சனிச்சந்தைக்குள் கசிவு நிற்கவில்லை என்றால் தடம் வேறு ஆளுக்கு. வரிசை கூப்பிடும் உபால்தோ அன்று ஆர்செசியோவின் அட்டையை இழுத்தான். ஊறித் தொங்கியது.

"என்னப்பா இது, வண்டியா கறவை மாடா?"

"பழசுங்க. கொஞ்சம் கசியத்தான் செய்யும்."

"நானும் பழசுதான். எனக்குக் கசியுதா?"

"அத உங்க வீட்டம்மாவத்தான் கேக்கணும்," என்றேன் நான். வரிசையே சிரித்தது. ஆர்செசியோ மட்டும் அட்டையை மடித்துச் சீட்டுக்கடியில் செருகிக்கொண்டு கிளம்பினான்.

வீட்டு முற்றத்தில், காப்பிக்கொட்டை காயப்போடும் இடத்திலேயே வண்டியை நிறுத்தி அடியில் படுத்துவிட்டான். முதலில் எஞ்சினுக்குக் கீழே இருக்கிற ஆயில் சேம்பரைக் கழற்றினான். இடுக்கில் கசியாமல் அடைக்கிற பழைய கேஸ்கட் இரும்போடு இரும்பாக ஒட்டிக் கிடந்தது. ஒடிந்த வெட்டுக்கத்தித் துண்டால் சுரண்டச் சுரண்டத் தூளெல்லாம் கண்ணில் விழுந்தது. கார்க் தகட்டைச் சேம்பர்மேல் வைத்து, விளிம்பைச் சுத்தியால் தட்டித் தட்டிப் புது கேஸ்கட் வெட்டினான். ஷெல்லாக் பசை தடவி, ஒரு போல்ட்டை இந்தப் பக்கம், ஒன்றை அந்தப் பக்கம் என்று மாற்றி மாற்றி முறுக்கினான். குறை சொல்ல முடியாத வேலை. நானே அப்படித்தான் செய்வேன்.

எஞ்சினை ஓடவிட்டான். சேம்பர் காய்ந்திருந்தது. பக்கவாட்டு மூடியில் கசிந்தது.

பக்கவாட்டு மூடியைக் கழற்றினான், சுரண்டினான், வெட்டினான், முறுக்கினான். இப்போது முன்மூடியில் வந்தது. அதையும் மாற்றினான். மறுபடி சேம்பர். முற்றமெல்லாம் எண்ணெய், காப்பி உமியைக் கொட்டிக் கொட்டி உறிஞ்சவைத்தார்கள். அவன் கை கறுத்துப்போனதால் மனைவி ரூபியேலா சோளரொட்டியைப் பிய்த்து வாயில் ஊட்டினாள். மென்றுகொண்டே தூங்கிப் போவான். எழுப்பினால் ஸ்பானரைத்தான் தேடுவான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் போனபோது ஜீப்புக்கு வெளியே இரண்டு கால் மட்டும் தெரிந்தது.

"உயிரோட இருக்கியா?"

"தெரியலண்ணே. ஒண்ண அடைச்சா இன்னொண்ணு வாயத் திறக்குது. நாளைக்கு உபால்தோ அட்டைய இழுத்தா என் கதை முடிஞ்சுது. தடத்த நீங்களே எடுத்துக்குங்க."

"எனக்கு இருக்கிற தடத்துக்கே டிரைவர் இல்ல. வெளிய வந்து வெல்லத்தண்ணி குடி."

அவன் அசையவில்லை. சமையலறையில் குக்கர் சீறிக்கொண்டிருந்தது. விசிலில் அல்ல, மூடியைச் சுற்றி. பயற்றுத் தண்ணீர் ஓரமெல்லாம் நுரைத்து வழிந்தது.

"அதுக்கும் கேஸ்கட் போச்சா?" என்று அடியிலிருந்து முனகினான். "அதையும் நான்தான் மாத்தணுமா?"

"நீங்க ஒண்ணும் மாத்த வேணாம். கேஸ்கட் நல்லாத்தான் இருக்கு," என்றாள் ரூபியேலா. அடுப்பை அணைத்து, குக்கரைக் குழாயடியில் காட்டி ஆறவைத்துத் திறந்தாள். மூடியின் விசில் துவாரத்தில் கம்பியை விட்டாள். "பயத்தந்தோல் போய் அடைச்சிருக்கு. ஆவி போற வழிய அடைச்சா அது கெடச்ச வழியில வரத்தான் செய்யும்."

கால்கள் மெதுவாக வெளியே வந்தன. ஆர்செசியோ எங்களைப் பார்க்கவே இல்லை. எழுந்து, எஞ்சினின் பக்கத்திலிருந்து ரோட்டைப் பார்த்து இறங்குகிற மூச்சுக்குழாயைத் தடவினான். எஞ்சினுக்குள் கட்டுகிற புகை வெளியேறும் வழி அது. விரலை விட்டான். பிறகு குறடு கேட்டான். இழுத்தபோது முத்து உதிர்த்த ஒரு சோளச்சக்கை, எண்ணெய் குடித்து ஊதி, சுருட்டு மாதிரி வெளியே வந்தது.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. பின்சக்கரத்தில் நிற்கும்போது எண்ணெய் பின்னால் சரிந்து அந்தக் குழாய் வழியாகக் கொட்டும். அதனால் ஊர்வலத்துக்கு முன்னால் சோளச்சக்கையால் அடைப்போம். எல்லாரும் அடைப்போம், நானும்தான். முடிந்ததும் எடுப்பேன். கோப்பை வாங்கின மயக்கத்தில் சாராயத்தில் விழுந்தவன் எடுப்பானா?

"திருவிழாவுலேர்ந்து இருக்கா?" என்றேன்.

"திருவிழாவுலேர்ந்து."

"அந்தக் கோப்பைய அடுப்புல விறகா வையுங்க," என்றாள் ரூபியேலா. "பயறாவது வேகட்டும்."

அவன் சிரிப்பான் என்று நினைத்தேன். சக்கையைக் கையில் வைத்துக்கொண்டு உமிமேல் உட்கார்ந்துவிட்டான். சேம்பர் கேஸ்கட், உள்ளே கட்டிய புகை தள்ளித் தள்ளி, ஏற்கெனவே பிதுங்கியிருந்தது. அதை இன்னொரு தடவை வெட்ட வேண்டும். மறுபடி படுத்தான்.

சனிக்கிழமை அவன் ஜீப் வரிசையில் எனக்கு முன்னால் நின்றது. உபால்தோ அட்டையை விரித்தான். மூட்டைகள் ஏறின, ஆட்கள் ஏறினார்கள், கூரையில் கூண்டுக்கோழி ஏறியது.

"லா எஸ்ட்ரெல்யா! கெளம்பு!"

ஜீப் நகரவில்லை. ஆர்செசியோ ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்து வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான். கூப்பிட்டு நகராத வண்டியின் முறை பின்னால் நிற்பவனுக்கு. அதாவது எனக்கு.

"நெப்தாலியண்ணே, ஆளுங்கள உங்க வண்டியில ஏத்தட்டுமா?"

வந்த முறையை விட்டவன் இல்லை இந்த நெப்தாலி. ஊரைக் கேளுங்கள். இறங்கிப் போய் என் வண்டியின் பானெட்டைத் திறந்து வைத்தேன்.

"என் வண்டி இன்னும் சூடாகல."

"இப்பத்தான ஓட்டிட்டு வந்தீங்க?"

"ஆறிப்போச்சு. நீ அட்டையப் பாரு."

உபால்தோ குனிந்து இழுத்தான். திருப்பித் திருப்பிப் பார்த்தான். காய்ந்த அட்டை. வெயில் நேராக ஆர்செசியோவின் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. உபால்தோ அட்டையை முன்கண்ணாடிமேல் சாத்திவைத்து, ஏறியிருந்தவர்களிடம் கொஞ்ச நேரம் பொறுக்கச் சொன்னான்.