இன்னும் வரவில்லை என்று சொல்லப் போனவர்

சரோஜா அக்கா இறந்த செய்தி எனக்குக் கட்சிக் கிளையின் வாட்சப் குழுவில்தான் வந்தது. அடுத்த சட்டமன்றத் தேர்தலில் எங்கள் தொகுதிக்கு யாரை நிறுத்துவது என்று அங்கே காலையிலிருந்து சண்டை. ஒருவர் தன் ஆளுக்கு வக்காலத்து வாங்க, இன்னொருவர் பழைய கதையைக் கிளற, நடுவில் யாரோ, "நம் மகளிர் பிரிவின் தூண் திருமதி சரோஜா இன்று சுங்கை பட்டாணியில் காலமானார்" என்று கட்சிச் சின்னத்தோடு போட்டார்கள். கீழே வரிசையாகக் கைகூப்பிய படங்கள். அதற்கும் கீழே, சற்று நேரத்தில், விட்ட இடத்திலிருந்து சண்டை. ஒருவர் அவசரத்தில் சாவுச் செய்திக்குக் கட்டைவிரலை உயர்த்திவிட்டுப் பிறகு அழித்தார். அழித்ததையும் எல்லோரும் பார்த்தோம்.

தூணாம்! அந்தத் தூணைத்தான் போன தேர்தல் முடிந்த கையோடு இதே குழுவிலிருந்து பிடுங்கி வெளியே போட்டார்கள். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. கையில் இருந்த தையல் வேலையை அப்படியே வைத்துவிட்டுக் கடையைப் பூட்டினேன். அந்தக் கோபம் இன்னும் அடங்கவில்லை. அக்காவை அறிந்தவர்கள் இதைப் படிக்கும்போது, என் எழுத்தில் மரியாதை கொஞ்சம் குறைந்திருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

புக்கிட் செலம்பாவ் பக்கம் 'மாற்றம்' என்று வாய் திறந்தாலே வேலை போய்விடும் என்று தோட்டத்து மக்கள் பயந்திருந்த காலத்தில் அக்கா கட்சிக்கு வந்தவர். எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. அது முடிந்து, சீருடையைக்கூட மாற்றாமல், மோட்டாரை எடுத்துக்கொண்டு கீழ் டிவிஷனுக்குப் போவார். பின்னால் நான். ரப்பர் பால்மரத் தோட்டமாக இருந்து செம்பனைக்கு மாறிய இடம் அது. பழைய லயத்து வீடுகளும் பழைய குழாய்களும் மட்டும் மிச்சம். அக்கா வாசலில் நின்று துண்டுப் பிரசுரம் நீட்டமாட்டார். நேரே வீட்டுக்குப் பின்னால் போய், தண்ணீர் பிடித்துவைக்கும் நீல டிரம்மின் மூடியைத் தூக்கி எட்டிப் பார்ப்பார். பிறகுதான் வீட்டுக்காரர்களிடம் பேச்சு.

"இது எப்பவும் காலியாவே கெடக்குதுல? புதுப் பைப்பு வரணும்னா ஆள மாத்துங்க. நான் சொல்றேன், வரும்."

கட்சி சொல்கிறது என்று அவர் சொன்னதே இல்லை. 'நான் சொல்றேன்' என்றுதான் சொன்னார். அந்த ஒரு சொல்லுக்குத்தான் கீழ் டிவிஷன் மொத்தமும் எங்கள் பக்கம் சாய்ந்தது. கோட்டை என்று நாங்கள் மார்தட்டிக்கொண்டது அதைத்தான்.

ஜெயித்தோம். அதன் பிறகு மேலே ஆட்சி மாறியது, கூட்டணி மாறியது, நேற்றைய எதிரி இன்றைய பங்காளி ஆனான். கீழ் டிவிஷனில் குழாய் மட்டும் மாறவில்லை. வேறு யாராக இருந்தாலும் அந்தப் பாதையையே மறந்திருப்பார்கள். அக்கா மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்க்கொண்டே இருந்தார். எதற்கு என்கிறீர்கள்? "இன்னும் வரல" என்று சொல்ல. பைப்புக்குக் கொடுத்த மனு எந்த மேசையில் கிடக்கிறது, யார் என்ன சாக்குச் சொன்னார்கள் என்று வீடு வீடாக ஒப்பித்துவிட்டு வருவார். ஓட்டு கேட்ட வாசலில் பதில் சொல்லவும் போகவேண்டும் என்பது அவர் கணக்கு. வெயிலில் அவர் பின்னால் உட்கார்ந்து போன எனக்கு அது சுத்தப் பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது. வலியப் போய் வாங்கிக் கட்டிக்கொள்வானேன்?

வாங்கியும் கட்டிக்கொண்டோம். அஞ்சலை என்று ஓர் அம்மா, வாழ்நாள் முழுக்கப் பால்மரம் வெட்டியவர், வாயைத் திறந்தால் தெருவே திரும்பிப் பார்க்கும். ஒருநாள் அக்காவை வாசலிலேயே மறித்தார்.

"மாசா மாசம் வந்து வரல வரலன்னு சொல்றியே, ஒனக்கு வெக்கமா இல்ல?"

"இருக்குக்கா. அதான் வந்தேன்" என்றார் சரோஜா அக்கா.

அஞ்சலையம்மா அதற்கு மேல் திட்டவில்லை. திரும்பும் வழியில் நான் முணுமுணுத்தபோது அக்கா சொன்னார்: "திட்டுறவங்கள நெனச்சுப் பயப்படாத மல்லிகா. அவங்க இன்னும் நம்மகிட்டதான் பேசுறாங்க. சிரிச்சுக்கிட்டே சரி சரின்றாங்க பாரு, அவங்கதான் நம்மள விட்டுட்டுப் போயாச்சு."

இது எங்கள் கட்சிச் சட்டமன்ற உறுப்பினர் காதுக்குப் போனது. அவரை இங்கே எல்லோரும் ஒய்பி என்றுதான் அழைப்போம். கிளைக் கூட்டத்தில் அக்காவைப் பார்த்து, "என்னாக்கா இது, நம்ம கொறைய நாமளே போய்ச் சொல்லலாமா? எதிர்க்கட்சிக்காரன் வேலைய நீங்க பாக்குறீங்க லா" என்றார். அக்கா நிதானமாகச் சொன்னார்: "அவன் வந்தா பொய்யும் சேத்துச் சொல்வான் ஒய்பி. நான் உள்ளத மட்டும் சொல்றேன்." கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். ஒய்பி சிரிக்கவில்லை.

போன தேர்தலுக்கு முன் கீழ் டிவிஷனில் ஒரு வீட்டில் எதிர்ப்பக்கத்துக் கொடி பறந்தது. குமரன் வீடு. எங்கள் பழைய ஊர்வலங்களில் தொண்டை கிழியக் கத்தியவன், இப்போது லோரி ஓட்டுகிறான். நான் சண்டைக்குத் தயாராகப் போனேன். அக்கா கொடியை அண்ணாந்து பார்த்துவிட்டு, "அவங்க வந்தா பைப்பு போடுவாங்களாடா?" என்று மட்டும் கேட்டார். "அவங்களும் போடமாட்டாங்கக்கா. ஆனா ஒங்களுக்கு ஒறைக்கணும்ல" என்றான் அவன். அக்கா அவன் வீட்டுக்குப் பின்னால் போய் டிரம்மை எட்டிப் பார்த்துவிட்டு வந்து மோட்டாரை எடுத்தார். அவன் எங்களை வெறுத்திருந்தால்கூடத் தேவலை என்று எனக்குத் தோன்றியது.

வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். எங்கள் ஊரில் வாக்காளர்களை வயதுப்படி பிரித்து வேறு வேறு அறைகளில் ஓட்டுப் போட வைப்பார்கள். ஒவ்வோர் அறைக்கும் 'சலுரான்' என்று பெயர். முதல் சலுரானில் வயதானவர்கள், கடைசியில் இளசுகள். எண்ணும்போது எந்த வயசு எங்கே சாய்ந்தது என்று அப்பட்டமாகத் தெரிந்துவிடும். இளசுகள் கை நழுவுவது எங்களுக்கு முன்பே தெரியும். முதல் சலுரான்தான் எங்கள் தெம்பு. தேர்தல் அன்று நான் அங்கே கட்சியின் எண்ணும் முகவர். அக்கா காலையிலிருந்து தன் தம்பியின் வேனில் கிழவர்களையும் கிழவிகளையும் ஏற்றி வந்து இறக்கிக்கொண்டிருந்தார்.

பெட்டியைத் திறந்து எண்ணத் தொடங்கினோம். எந்தச் சின்னத்திலும் குறி இல்லாத வெற்றுச் சீட்டுகள். ஒன்றிரண்டு என்றால் தெரியாத்தனம் என்று விட்டுவிடலாம். வந்துகொண்டே இருந்தன. ஒரு சீட்டில் கோணல்மாணலாகத் தமிழில் ஏதோ எழுதியிருந்தது. அதிகாரி மலாய்க்காரர், வயசுப் பையன். சீட்டை என் பக்கம் தூக்கிக் காட்டி, "என்ன எழுதியிருக்கிறது, கக்?" என்று மலாயில் கேட்டார்; கக் என்றால் அக்கா. "தண்ணீர்" என்றேன். அவர் அதைச் செல்லாத ஓட்டுகளோடு வைத்துவிட்டு மெல்லச் சொன்னார்: "என் வீட்டிலும் வரவில்லை, கக்."

மயிரிழையில் ஜெயித்தோம். கட்சி அந்த வெற்றுச் சீட்டுகளுக்கு ஒரு காரணம் கண்டுபிடித்தது பாருங்கள், அதை நினைத்தால் இப்போதும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. வயதானவர்களுக்கு ஓட்டுப் போடத் தெரியவில்லையாம்! கீழ் டிவிஷன் கோயில் மண்டபத்தில் ஓட்டுப் போடும் வகுப்பு ஒன்று ஏற்பாடு செய்தார்கள். மாதிரிச் சீட்டு, பென்சில், சாப்பிட மீகூன் சேமியா, தேநீர். டவுனிலிருந்து வந்த பொறுப்பாளர் ஒரு மணி நேரம் விளக்கினார். கிழவிகள் சமர்த்தாக உட்கார்ந்து கேட்டார்கள். பிறகு சீட்டு வாங்கி, எங்கள் சின்னத்துக்கு நேரே, கட்டத்துக்குள், துளி பிசகாமல், 'பங்கா' என்கிற பெருக்கல் குறி போட்டு நீட்டினார்கள்.

பொறுப்பாளருக்கு வாயெல்லாம் பல். "பாத்தீங்களா, கத்துக் குடுத்தா வருது" என்றார்.

"முன்னயும் வந்துச்சு" என்றார் அஞ்சலையம்மா. "இத்தனை வருசமா ஒங்களுக்குத்தான பங்கா போட்டோம்? இந்தத் தடவ வேணும்னுதான் போடல. அந்தப் பக்கத்துக்குப் போட மனசு வரல. ஒங்களுக்குப் போடக் கை வரல."

பொறுப்பாளர் முகம் சிவந்துவிட்டது. "யாரு ஒங்களுக்கு இப்படிச் சொல்லிக் குடுத்தது?" என்று அதட்டினார். மீகூன் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த சரோஜா அக்கா நிமிர்ந்தார். கட்சியின் டி-சட்டைதான் போட்டிருந்தார்.

"யாரும் சொல்லிக் குடுக்கல தம்பி. அந்த வெத்துச் சீட்டுல ஒண்ணு என்னோடது."

அன்று சாயங்காலமே அவரைக் குழுவிலிருந்து நீக்கினார்கள். நான் அவர் வீட்டுக்குப் போய்க் கத்தினேன். இன்னும் கொஞ்சம் பேர் அப்படிச் செய்திருந்தால் தோற்றிருப்போம், தோற்றிருந்தால் யார் வந்து உட்கார்ந்திருப்பார்கள் என்று தெரியாதா என்று கேட்டேன். அக்கா எனக்கு மைலோ கலக்கிக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"தெரியும். தெரிஞ்சுதான் ஒவ்வொரு தடவயும் போட்டேன். பயத்துக்கு எத்தன தடவ ஓட்டுப் போடுறது மல்லிகா?"

அக்கா செய்தது தப்பு என்று ஒரு நாள் நினைக்கிறேன். மறுநாள் ஒய்பியின் சிரித்த முகம் பதாகையில் தெரிந்தால், அக்கா செய்ததே சரி என்று தோன்றுகிறது. செத்த மனுஷியோடு தையல் மிஷினில் உட்கார்ந்து தர்க்கம் பண்ணிக்கொண்டிருக்கிறேன். அவர் இருந்தபோதே பேசித் தீர்த்திருக்கலாம், அதற்குள் மாரடைப்பு முந்திக்கொண்டது. கட்சியைவிட்டு அவர் விலகவில்லை, உறுப்பினர் அட்டையைத் திருப்பித் தரவுமில்லை. குழுவிலிருந்து நீக்கிய மாதமும் ஞாயிற்றுக்கிழமை கீழ் டிவிஷனுக்குப் போனார், தனியாக.

சாவு வீட்டுக்கு ஒய்பி வந்தார். கையில் மடித்த கட்சிக் கொடி. உடல்மீது போர்த்தலாமா என்று அக்காவின் மகளிடம் கேட்டார். பினாங்கிலிருந்து அழுதுகொண்டே வந்திருந்த அந்தப் பிள்ளை என்னைப் பார்த்தது. என் நாக்கில் கெட்ட வார்த்தைதான் நின்றது. அதற்குள் அஞ்சலையம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"போத்துங்க. அவ அதுக்குத்தான ஒழைச்சா? ஆனா நாளைக்கு அந்தக் கொடியத் தூக்கிட்டு எங்க லயத்துக்கு வராதீங்க."

போர்த்தினார்கள். ஒய்பி படம் எடுத்துக்கொள்ளாமல் போனார். அவ்வளவாவது சொரணை இருந்ததே.

கருமாதி முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. அக்காவிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது கீழ் டிவிஷன் வாசல்கள்தான். வேண்டுமென்று கேட்டு வாங்கவில்லை. கீழே போடவும் முடியவில்லை. மோட்டாரை எடுத்துக்கொண்டு போனேன். அக்கா முன்னால் இல்லாமல் அந்தச் செம்மண் பாதையில் ஓட்டுவது பயமாக இருந்தது. அஞ்சலையம்மா வீட்டு வாசலில் நின்று, மனு இப்போது எந்த மேசையில் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கடைசியில், "இன்னும் வரலக்கா" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். உள்ளே வா என்று சொல்லவில்லை.

"சாவு வீட்டுச் சூடு, இந்த மாசம் வந்துட்ட. அடுத்த மாசம் வா, பாப்போம்."