சாமி திருப்பி அனுப்பிய வரி

விஜயகலாவின் கதையை எங்கள் லயத்தில் யார் வேண்டுமானாலும் சொல்வார்கள். ஆனால் ‘ஐயோ பாவம்’ என்று ஆரம்பிப்பார்கள். அது எனக்குப் பிடிக்காது. நான் புஷ்பம், லயத்து வரிசை வீடுகளில் அவளுடைய அடுத்த காம்பராக்காரி. அவள் அழுததையும் பார்த்திருக்கிறேன், பல்லைக் கடித்துக்கொண்டு நின்றதையும் பார்த்திருக்கிறேன். அழுதது கொஞ்சம்தான்.

கேகாலையில் பஸ் ஏறி வந்து, இறப்பர் மரங்களுக்கு நடுவே மேலே நடந்தால் எங்கள் தோட்டம். கலா என்னோடு பால் வெட்டுகிறவள். புருஷன் லோகராஜா கொழும்புக்கு ஹோட்டல் வேலைக்குப் போனான். போனவன் அங்கேயே இன்னொருத்தியோடு குடித்தனம் வைத்துக்கொண்டான். மகள் ஷாமிளா அப்போது எட்டாம் வகுப்பு, மகன் தனுஷன் பள்ளிக்கூடம் சேரவில்லை. அதற்குப் பிறகு அந்த நாசமாய்ப் போனவன் பிள்ளைகளுக்கு ஒரு சதம் அனுப்பியதில்லை.

எங்கள் வேலை வானத்தை நம்பிய வேலை. மழை பெய்தால் மரம் வெட்ட முடியாது, மரம் வெட்டாவிட்டால் அன்றைக்கு வேலை நாளாகப் பேர் விழாது, பேர் விழாவிட்டால் சம்பளமும் இல்லை. அப்படி வருகிற சம்பளத்தில் கலா முதலில் மகளின் டியூஷன் காசை எடுத்து வைப்பாள். அடுத்தது கரண்ட் பில். மூன்றாவது முஹ்ஸின் நானா கடைக் கடனுக்கு. மிச்சம் இருந்தால்தான் வயிறு. ஞாயிற்றுக்கிழமை டவுனில் ஒரு சிங்கள நோனாம்மா வீட்டில் துணி துவைத்துக் கொடுத்து வருவாள். அந்தக் காசு வருகிற வழியிலேயே அரிசியாகிவிடும். மாவு விலை ஏறிய வருஷம் அவள் ரொட்டியைச் சுட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, “எனக்கு நெஞ்செரிச்சல் அக்கா, மாவு ஒத்துக்கல” என்பாள். மண்ணாங்கட்டி நெஞ்செரிச்சல்! எனக்குத் தெரியாதா?

இவ்வளவு நெருக்கடியிலும் மாரியம்மன் கோயில் வரியை மட்டும் அவள் மறந்ததில்லை. எங்கள் தோட்டத்தில் குடும்பத்துக்கு ஒரு வரி. திருவிழா அன்று கரகம் லயம் லயமாக வரும். வரி கட்டிய வாசலில் நிற்கும். கோயில் தலைவர் குடும்பத் தலைவனின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, அவன் தலையில் பரிவட்டம் கட்டி, தேங்காய்ப் பழத் தட்டைக் கையில் கொடுப்பார்.

லோகராஜா விட்டுப்போன அந்த வருஷம் கலா வரிக் காசோடு கோயிலுக்குப் போனாள். தலைவர் சின்னத்தம்பி அதை வாங்கவில்லை.

“ஒன் புருஷன் கொழும்புல இருந்து அனுப்பிட்டானே தாயி. ஒரு குடும்பத்துக்கு ரெண்டு வரி வாங்குற வழக்கம் இல்ல.”

“பிள்ளைகளுக்கு அனுப்பாதவரு சாமிக்கு அனுப்புறாரா மாமா?”

“அது ஒங்க வீட்டு வெவகாரம்.”

திருவிழாவுக்கு அவன் வந்தான். வெள்ளை வேட்டி, கழுத்தில் சங்கிலி, நாலு வாசலுக்கு மணக்கிற செண்ட். நேரே கலாவின் வாசலில் வந்து நின்றான். “லோகராஜா குடும்பம்!” என்று தலைவர் கூப்பிட, பரிவட்டம் கட்டிக்கொண்டு தட்டை வாங்கினான். கலா அவன் முதுகுக்குப் பின்னால் மஞ்சள் தண்ணீர்ச் செம்போடு நின்றாள். கரகம் தூக்கியவரின் காலுக்குத் தண்ணீர் ஊற்ற மட்டும் அவள் வேண்டுமாம். பிள்ளைகளுக்கு இரண்டு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துவிட்டு சாயங்கால பஸ்ஸில் அவன் போய்விட்டான்.

அடுத்த வருஷமும் அதே கூத்து. அதற்கடுத்த வருஷமும். ஒவ்வொரு முறையும் கலா வரியைக் கொண்டுபோவாள், தலைவர் திருப்பி அனுப்புவார். அந்தக் காசை அவள் மஞ்சள் துணியில் முடிந்து மாரியம்மன் படத்துக்குப் பின்னால் வைத்தாள். தனுஷனின் சப்பாத்து வாய் பிளந்தபோதுகூட அதைத் தொடவில்லை.

“ஏன்டி, பிள்ள கால் வெளிய தெரியுது, அந்தக் காச எடேன்” என்று ஏசினேன்.

“அது சாமி காசு அக்கா. சாமிக்குத்தான் செலவாகணும்.”

நாலாம் வருஷம் அந்த முடிச்சைக் காணவில்லை. கேட்டேன். கேகாலையில் ஒரு லோயரிடம் கொடுத்து, பிள்ளைச் செலவு கேட்டு நடத்து கேஸ் போட்டிருக்கிறாளாம். தாபரிப்பு வழக்கை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம்.

“அடிப்பாவி, சாமி காச லோயருக்கா குடுத்த?”

“சாமிதான் வேணாம்னு வருஷா வருஷம் திருப்பி அனுப்புச்சே. வேற எதுக்காம்?”

கேஸ் போட்டு என்ன? ஆள் கையில் அழைப்பாணை போய்ச் சேர வேண்டுமே! கோர்ட்டிலிருந்து கொண்டுபோகிற பிஸ்கல் மாத்தயா கொழும்பில் தேடினால், அந்த வீட்டை விட்டுப் போய்விட்டான் என்பார்கள். ஹோட்டலில் கேட்டால் அப்படி ஒருவன் இல்லவே இல்லை. கடிதம் திரும்பி வந்தது. கேஸ் தவணை தள்ளிப்போனது. ஒவ்வொரு தவணைக்கும் கலாவுக்கு ஒரு நாள் பேர் போனது. ஷாமிளாவுக்குச் சாதாரண தரப் பரீட்சை வருகிறது, டியூஷன் காசு பாக்கி. இந்த வருஷத்துக்குள் அவன் பிடிபடாவிட்டால் மகளையும் நோனா வீட்டு வேலைக்குத்தான் அனுப்ப வேண்டும். அதை என்னிடம் சொன்ன அன்றுதான் அவள் அழுதாள்.

மூக்கைச் சிந்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

“அக்கா, அவரு வருஷத்துல ஒரு நாளு, ஒரே எடத்துல தவறாம நிப்பாரே.”

பரிவட்டம் கட்டுகிற வாசலில்! எனக்கு அப்போதுதான் உறைத்தது.

திருவிழா வெள்ளிக்கிழமை காலை. மேளம் எங்கள் லயத்துக்குள் வந்தது. வேட்டியும் செண்ட்டுமாக அவன் வாசலில் நின்றான். பலா மரத்தடியில் பைலோடு ஒரு சிங்கள மனிதர் நின்றார். திருவிழா பார்க்க வந்தவர் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். எனக்கும் கலாவுக்கும்தான் அவர் யாரென்று தெரியும். கலா செம்பைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தாள்.

“லோகராஜா குடும்பம்!”

அவன் குனிந்தான். பரிவட்டத்தைக் கட்டி முடிக்கும்வரை கலா பொறுத்திருந்தாள். அவன் இரண்டு கையாலும் தட்டை வாங்கியதும் குரல் கொடுத்தாள்.

“மாத்தயா, மெயா தமய்!”

இவர்தான் என்று சிங்களத்தில் காட்டிக்கொடுத்தாள்! பிஸ்கல் மாத்தயா வந்து பேரைக் கேட்டார். பிறகு அழைப்பாணையை எடுத்து, தேங்காய்க்கும் வெற்றிலைக்கும் மேலே தட்டிலேயே வைத்தார். அவன் முகம் செத்துப்போனது. தட்டைக் கீழே போடவும் முடியாது, அது சாமி தட்டு.

“மம மே கெதர கெனெக் நெவெய்!” என்று கத்தினான். நான் இந்த வீட்டு ஆள் இல்லையாம்! சிங்களம் தெரியாதவர்கள் எங்கள் லயத்தில் யார் இருக்கிறார்கள்? மேளம் நின்றுவிட்டது.

தலைவர் பாய்ந்து வந்தார். “என்ன தாயி இது, சாமிக்கு முன்னால?”

“குடும்பத் தலைவன்னு நீங்கதானே மாமா கூப்பிட்டீங்க? தலைவன்னா பிள்ளைகளுக்குச் சோறு போடச் சொல்லுங்க. இந்த வீட்டு ஆளே இல்லன்னா, தலையில கட்டுனத அவுருங்க.”

கரகம் தூக்கியவர் வாசலை விட்டு நகரவில்லை. தலைவர் அவனையும் பார்த்தார், சனத்தையும் பார்த்தார். தலைவரே கையை நீட்டிப் பரிவட்டத்தை அவிழ்த்தார். “நல்லா வேணும்டா ஒனக்கு!” என்று நான் வாய்விட்டே சொன்னேன். பிஸ்கல் மாத்தயா அழைப்பாணையை எடுத்து அவன் கையில் திணித்துவிட்டு, தவணைத் தேதியை இரண்டு தரம் சொன்னார். வராவிட்டால் பிடியாணை என்றும் சொன்னார். கலா முன்னால் வந்து தட்டை வாங்கிக்கொண்டாள்.

“இப்ப என்ன பேரச் சொல்றது?” தலைவர் முணுமுணுத்தார். “வரி கட்டுனது அவன் பேருல.”

“அதத் திருப்பி அவருகிட்டயே குடுங்க. தவணைக்கு வர பஸ் காசுக்கு ஆகும்” என்றாள் கலா. “என் வரிய அடுத்த சம்பளத்துல கட்டுறேன். இப்ப என் பேரச் சொல்லிக் கூப்பிடுங்க மாமா, சாமி எவ்வளவு நேரம் நிக்கும்?”