ஓரத்துச் சிப்பாய்

மனைவி இறந்த இந்த ஒன்றரை மாதமாக வெல்டருக்கு ஒரே கவலை: அக்கா இல்லாத வீட்டுக்கு மைத்துனன் இனி வருவானா? அந்த ஞாயிறு வந்தான். சதுரங்கப் பலகையை விரித்ததும், தீப்பொறி சுட்ட விரல்களால் ஓரத்துச் சிப்பாயை நகர்த்தினார் வெல்டர். அவள் எப்போதும் அப்படித்தான் தொடங்குவாள்.

“அக்கா மாதிரியே ஆரம்பிக்கிறீங்க மாமா. தோக்கப்போறீங்க.”

“வாய மூடிட்டு ஆடுடா.”

கடைசியில் மைத்துனனிடம் ராஜாவோடு ஒரு சிப்பாய் மிஞ்சியது. ஒரு கட்டம் நகர்ந்தால் ராணியாகிவிடும். வெகுநேரம் பார்த்தவன், காவலுக்கு நின்ற ராஜாவை விலக்கிக்கொண்டான். வெல்டரின் தனி ராஜா அந்தச் சிப்பாயை வெட்டியது.

“டிரா மாமா. டிரான்னா அடுத்த ஞாயிறு மறுபடி ஆடியே ஆகணும். அக்கா போட்ட சட்டம்.”

வெல்டர் பலகையை மடிக்கவில்லை.