எட்டாவது ஸ்வரம்

லிஃப்ட் மெக்கானிக்கை எல்லோரும் 'ஒயர்' என்றுதான் கூப்பிடுவார்கள். சும்மா இருக்கவே தெரியாத ஆள். பகலெல்லாம் லிஃப்ட்டில் ஒயர் இணைத்துவிட்டு வீட்டுக்கு வந்தால், கணினித் திரையிலும் அதே வேலைதான். அங்கே சின்னச் சின்னப் பெட்டிகளை வைத்துக் கோடு இழுத்து இணைப்பான், சத்தம் பிறக்கும். அப்படிக் கட்டியதற்கு 'பேட்ச்' என்று பெயர். ஒன்றுக்கும் உதவாத பைத்தியம் என்பாள் அவன் தங்கை.

தங்கை பஸ் ஓட்டுநர். வழுக்கி விழுந்ததில் வலது மணிக்கட்டு முறிந்தது. கட்டுப் பிரித்த பிறகும் கை சரியாகத் திரும்பவில்லை. இரண்டு வாரம் கழித்து வரும் வெள்ளிக்கிழமை டெப்போ டாக்டர் பார்ப்பார். அவர் தலையாட்டாவிட்டால் ஸ்டியரிங்கை மறந்துவிட்டு டிக்கெட் கவுன்ட்டரில் உட்கார வேண்டியதுதான். அந்த நினைப்பே அவளுக்கு வேப்பங்காயாகக் கசந்தது. பிசியோதெரபிஸ்ட் கொடுத்த பயிற்சியைச் செய்யச் சொன்னாலோ, மூக்கு நுனியில் கோபம்.

ஒயர் ஒரு பேட்ச் கட்டிப் பழைய போனில் ஏற்றிக் கொடுத்தான். முழங்கையை இடுப்போடு ஒட்டிக்கொண்டு, போனைப் பிடித்த கையை மெல்லத் திருப்ப வேண்டும். திருப்பத் திருப்ப ஸ்வரம் ஒவ்வொன்றாக ஏறும். எட்டும் ஒலித்தால் அன்றைய பயிற்சி முடிந்தது.

இரண்டு வாரம் முக்கி முனகினாள். ஏழு வந்தது. எட்டாவது மட்டும் வருவேனா என்றது.

"என்னண்ணா இது, உன் போன் கல்லுளிமங்கனா இருக்கு!"

"கையைத் திருப்பும்மா, போனைத் திட்டாதே."

"திருப்பிட்டுத்தானே இருக்கேன்! இதை வரவைக்காம விடமாட்டேன், பாரு."

வியாழக்கிழமை, பதினோராவது மாடியில் லிஃப்ட் கதவைச் சரிபார்க்கும்போது ஒயருக்குப் பொறி தட்டியது. கணினியில் சோதித்தபோது, மவுஸால் நகர்த்தும் பட்டையைக் கடைசிவரை இழுத்தால் எட்டாவது ஸ்வரம் வருகிற மாதிரி வைத்திருந்தான். அதே கணக்கைப் போனிலும் விட்டுவிட்டான். பட்டையை இழுக்க ஒரு விரல் போதும். போனிலோ, திரை நேராகக் கூரையைப் பார்க்கும்வரை கையைத் திருப்பியாக வேண்டும். பிசியோதெரபிஸ்ட் கேட்டது அவ்வளவு இல்லை. ஏழாவது ஸ்வரமே தாராளம். ஒயருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. முறிந்த கையை இப்படியா வாட்டுவது?

வேலை முடிந்ததும் வீட்டுக்கு ஓடினான். வாசலில் கால் வைக்கும்போது உள்ளே எட்டாவது ஸ்வரம் கணீரென்று ஒலித்தது. கூடவே தங்கையின் கூச்சல். ஏழே போதும் என்று சொல்ல வந்ததை ஒயர் நாளைக்குத் தள்ளிவைத்தான்.

மறுநாள் டாக்டர் அவள் கை திரும்புவதைப் பார்த்து, "போதும்மா, போதும்! நாளைக்கே வண்டியை எடு" என்றார். டெப்போ வாசலில் காத்திருந்த ஒயர் அப்போதுதான் உண்மையைக் கக்கினான்.

"ஏழே போதுமா? ரெண்டு வாரமா என் உயிரை வாங்கிட்டியே!"

வலது கையை ஓங்கி அவன் முதுகில் ஒன்று வைத்தாள். சரியான அடி. ஒயருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"வலிக்குதாண்ணா?"

"நல்லா வலிக்குதும்மா" என்றான், வாயெல்லாம் பல்லாக. "உனக்கு?"

அவள் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எனக்கு வலிக்கவே இல்லண்ணா."