பெரட்டுக்களத்துக்குப் போன என் கடிதம்

ஹட்டனில் நான் வழக்கமாகச் செய்தி ஃபேக்ஸ் பண்ணுகிற கொமினிகேஷன் கடை ஒன்று இருந்தது. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் ஒரு மழைநாள் காலை, அந்தக் கடைக்குள் நனைந்த குடையோடு ஒரு அக்கா வந்தார். நான் அவருக்குத் தபாலில் அனுப்பிய கடிதத்தை என் கையிலேயே திருப்பித் தந்தார்.

"இந்தாங்க தம்பி. நீங்க கேட்ட மாதிரி கையெழுத்து போட்டிருக்கேன். நேத்தோட என்னைய வேலைய விட்டு நிப்பாட்டிட்டாங்க," என்றார்.

இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார். எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் ஸ்டூலை இழுத்துப் போட்டு அவரை உட்காரச் சொன்னேன்.

இப்போது கேமரா ஃபோனைத் தூக்கிக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போகிற பிள்ளைகளும், இணையத்தில் எழுதுகிற பிள்ளைகளும் என்னிடம் வந்து ஊடகச் சட்டம், ஊடக நெறி என்று கேட்கிறார்கள். சட்டப் புத்தகம் கடையில் கிடைக்கும். என்னிடம் இருப்பது இந்த ஒரு சம்பவம்தான். கேட்க நல்லா இருக்காது, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

அந்த அக்கா வேலை செய்த தேயிலைத் தோட்டத்தின் பெயரை எழுதமாட்டேன். அவரைப் பாக்கியம் என்று சொல்கிறேன். அது நான் வைத்த பேர்.

1. புள்ளைக்காம்பரா

பாக்கியம் அக்காவுக்கு அந்தத் தோட்டத்துப் புள்ளைக்காம்பராவில் வேலை. தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் அது. பால்மா கரைப்பது, தொட்டில் ஆட்டுவது, குண்டி கழுவுவது எல்லாம் அவர்தான். புருஷன் செத்துப்போய், பத்தாம் வகுப்பு படிக்கிற ஒரே மகளோடு தோட்டத்து வரிசை வீடான லயத்தில் இருந்தார். தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்தால்தான் லயக்காம்பரா. வேலை போனால் வீடும் போகும்.

ஒரு நாள் ஏழு பிள்ளைகள் வாந்தி எடுத்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். யாரோ வீட்டிலிருந்து கொண்டுவந்த பழைய சாப்பாடு என்று தோட்ட ஆபீஸ் சொல்லிவிட்டது. நான் விசாரிக்கப் போனபோது, தண்ணீர் விழுகிற பீலிக்குப் பக்கத்தில் துணி துவைக்கிற மாதிரி நின்றுகொண்டு பாக்கியம் அக்கா சொன்னார்.

"மேல ஓடையிலதான் தம்பி மருந்தடிக்கிற டேங்க் எல்லாம் கழுவுறாங்க. அந்தத் தண்ணிதான் கீழ பீலிக்கு வருது. அன்னைக்கு பால்மா கரைக்கையில நுரை நுரையா வந்துச்சு, ஒரு வாடை. நான் ஆபீஸ் கிளாக்கர் ஐயாகிட்ட போயி சொன்னேன். 'ஒன் வேலையப் பாரு'ன்னுட்டாரு. ஏழு புள்ளைக்கும் என் கையாலதானே அந்தப் பாலைக் குடுத்தேன்."

அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, தன் கையைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "என் பேரை மட்டும் போட்டுறாதீங்க தம்பி. வயசுக்கு வந்த புள்ளைய வச்சிருக்கேன். காம்பரா போச்சுன்னா எங்க போய் நிப்பேன்?"

சத்தியமாகப் போடமாட்டேன் என்றேன். போடவும் இல்லை. ஓடையை நானே ஏறிப்போய்ப் பார்த்தேன். கழுவிக்கொண்டிருந்த ஆட்களிடம் பேச்சுக் கொடுத்தேன். தோட்ட மேனேஜரான துரையிடம் கருத்துக் கேட்கப் போனேன். பங்களா கேட்டிலேயே திருப்பி அனுப்பினார்கள், அதையும் எழுதினேன். 'பெயர் குறிப்பிட விரும்பாத தொழிலாளி ஒருவர்' என்று போட்டேன். ஆணா பெண்ணா, என்ன வேலை என்று ஒரு வார்த்தை இல்லை. செய்தி உள்பக்கத்தில் பெரிதாகவே வந்தது.

சொன்னது யார் என்று தோட்ட ஆபீசில் தேடாத தேடல் தேடினார்கள். ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டுக் கேட்டார்கள். லயத்தில் பாதிப் பேருக்குத் தெரியும், பாக்கியம் பேசினாள் என்று. ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. பக்கத்துக் காம்பராவோடு தண்ணீர்ச் சண்டையில் ஆறு மாதம் முகம் பார்க்காமல் இருந்தவர்கள்கூடச் சொல்லவில்லை.

2. ஒரு ஃபைலும் ஒரு பேனாவும்

அந்த வாரம்தான் கண்டியில் ஒரு ஹோட்டலில் பிரதேச நிருபர்களுக்குப் பயிற்சி நடந்தது. கொழும்பிலிருந்து ஒரு லோயர் வந்திருந்தார். அப்போது அவதூறு என்பது நட்டஈட்டோடு முடிகிற காரியமில்லை. குற்றவியல் சட்டத்திலும் இருந்தது, மறியலுக்கு, ஜெயிலுக்கே, போக வேண்டிவரலாம். லோயர் மேசையைத் தட்டித் தட்டிச் சொன்னார்: "உண்மையை எழுதினா மட்டும் போதாது. நிரூபிக்கணும். சொன்னவங்ககிட்ட எழுத்துல வாங்கி, கையெழுத்து எடுத்து ஃபைல்ல வையுங்க."

சும்மா சொல்லக்கூடாது, மனுஷன் நல்லாத்தான் படிப்பித்தார். ஒரு ஃபைல், ஒரு பேனா, பகல் சாப்பாடு எல்லாம் தந்தார்கள். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பத்திரிகையில் இருந்து அடையாள அட்டையும், பேர் அச்சடித்த நீள உறை ஒரு கட்டும் வந்ததும் அதே வாரம்தான். லயத்தில் பிறந்த பையனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

ஊருக்கு வந்ததும் பாக்கியம் அக்கா சொன்னதை அழகாக டைப் அடித்தேன். கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு போட்டேன். பஸ் இறங்கி, தோட்டத்தில் அவர் இருந்த டிவிஷனுக்கு ஏறிப் போக ஒன்றரை மணி நேரம். மழை அடித்துக்கொண்டிருந்தது. போகப் பஞ்சிப்பட்டு, சோம்பலில், பத்திரிகைப் பேர் அச்சடித்த உறையில் போட்டு, அவர் பேரையும் லய நம்பரையும் எழுதித் தபாலில் சேர்த்தேன்.

தோட்டத்தை அறியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் லயத்துக்குத் தபால்காரர் வரமாட்டார். எல்லாக் கடிதமும் ஒரே பையில் தோட்ட ஆபீசுக்குப் போகும். காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலை பிரிக்கிறதற்கு, ஆட்கள் கூடுகிற களத்தில் பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுப்பார்கள்.

இது எனக்குத் தெரியாதா என்ன? என் பரீட்சை ரிசல்ட் கடிதமே பெரட்டில்தான் வந்தது. நான் பாஸ் என்று எனக்கு முன்னால், பெரட்டில் பேர் கூப்பிடுகிற கணக்கப்புள்ளைக்குத் தெரியும். வளர்ந்து, பத்திரிகைக்காரனாகி, அடையாள அட்டையைச் சட்டைப் பையில் தெரிகிற மாதிரிக் குத்திக்கொண்ட பிறகு அது எனக்கு மறந்துபோனது. கொழும்பிலிருந்து வந்த லோயருக்குத் தெரியாமல் போனது நியாயம். எனக்கு மறந்தது மன்னிக்கக்கூடிய காரியமில்லை.

3. "பேப்பர் ஆபீசுலருந்து கடுதாசி"

நடந்ததைப் பாக்கியம் அக்கா கொமினிகேஷன் கடை ஸ்டூலில் உட்கார்ந்து சொன்னார்.

"கணக்கப்புள்ள ஐயா கவர தூக்கிப் புடிச்சாரு. 'அடேங்கப்பா, பாக்கியத்துக்கு பேப்பர் ஆபீசுலருந்து கடுதாசி டோய்'னாரு. அம்புட்டு சனமும் விலகி வழி விட்டுச்சு தம்பி. நான் போயி வாங்கிக்கிட்டேன். வாங்காம என்ன செய்ய? பெரிய கிளாக்கர் ஐயா என்னையவே பார்த்துக்கிட்டு இருந்தாரு."

அன்றைக்கே விசாரணை. தோட்டத்துக்குக் கெட்ட பேர் வாங்கிக் கொடுத்ததாக எழுதி வேலையை நிறுத்தினார்கள். காம்பராவைக் காலி பண்ணத் தவணை கொடுத்தார்கள். தொழிற்சங்கத் தலைவரிடம் போனால், "பேப்பர்காரனோட பேசினப்ப என்கிட்ட கேட்டியா?" என்றாராம்.

"அக்கா, என்னைய மன்னிச்சிருங்க," என்றேன். கடைக்காரப் பிள்ளை ஃபோன் பில்லைப் பார்க்கிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நடந்தது நடந்துபோச்சு. இனிமே எனக்கு மறைக்க ஒண்ணுமில்ல. கையெழுத்து போட்டிருக்கேன் பாருங்க. இனி என் பேரையே போட்டு எழுதுங்க. அந்த ஓடைத் தண்ணியத்தான் இன்னமும் புள்ளைகளுக்குக் குடுக்கிறாங்க. அதையாவது நிப்பாட்டட்டும்."

கோட்டுக்கு மேலே ஒவ்வொரு எழுத்தாக, நிறுத்தி நிறுத்தி, தன் முழுப் பேரையும் எழுதியிருந்தார். அப்பா பேரும் சேர்த்து.

4. நாலு வரி

அந்தத் தாளை உடனே கொழும்புக்கு ஃபேக்ஸ் பண்ணினேன். பதில் இல்லை. நான்கு நாள் கழித்துச் செய்தி ஆசிரியர் எனக்கு ஃபோன் எடுத்தார். யாழ்ப்பாணத்து மனுஷன், நல்லவர், எனக்கு எழுதப் பழக்கியவர்.

"ஐசே, தோட்டக் கம்பனியின்ரை லோயர் லெட்டர் ஒஃப் டிமாண்ட் அனுப்பியிருக்கிறார். மானநட்டம் எண்டு பெரிய தொகை கேட்கினம். மேலிடத்தில வருத்தம் போட்டு முடிக்கச் சொல்லுகினம்."

"சேர், கையெழுத்துப் போட்ட தாள் இருக்கே. பேரையும் போடச் சொல்லிட்டாங்க. எல்லாம் உண்மைதானே சேர்?"

"உண்மை எண்டு எனக்கும் தெரியும். வழக்கு ஏழெட்டு வருஷம் இழுபடும். அந்த மனிசி ஒவ்வொரு தவணைக்கும் கொழும்புக்கு வந்து கூண்டில ஏறுவாவே? நீர் கூட்டிக்கொண்டு வருவீரே? உமக்கும் மறியல் எண்டால் சம்மதமே?"

அந்த இடத்தில் நான் 'கூட்டிட்டு வாரேன் சேர்' என்று சொல்லியிருக்க வேண்டும். அவர் கேட்டது உண்மையான கேள்வி. பதிலுக்காகக் காத்தும் இருந்தார். ஃபோனில் அவர் மூச்சு விடுகிற சத்தம் எனக்குக் கேட்டது. நான் ஒன்றும் சொல்லவில்லை.

"சரி, அப்ப நீரே எழுதி அனுப்பும். விபரம் உமக்குத்தானே தெரியும்," என்றார் கடைசியில்.

எழுதினேன். நாலே வரி. 'மேற்படி செய்தியில் வெளியான தகவல் ஆதாரமற்றது எனத் தெரியவந்துள்ளது. இதனால் தோட்ட நிர்வாகத்துக்கு ஏற்பட்ட மனவுளைச்சலுக்கு வருந்துகிறோம்.' என் பேனாதான், கண்டியில் தந்த பேனா. பிழை திருத்தம் பார்த்து, ஒரு காற்புள்ளியைக்கூடச் சரி பண்ணி அனுப்பினேன். வெட்கம் கெட்டவன்.

தவறாக எழுதினால் திருத்தம் போட வேண்டும் என்பது நெறி. சரியாக எழுதியதற்குத் திருத்தம் போட்டால் அதற்கு என்ன பேர் என்று அந்த லோயர் சொல்லித்தரவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்தப் பத்திரிகைத் துண்டை வெட்டி, பெரட்டுக்களத்துப் பலகையில் ஒட்டினார்கள். கணக்கப்புள்ள அதைச் சத்தமாக வாசித்தாராம். ஓடையில் டேங்க் கழுவுவதும் நிற்கவில்லை.

5. பஸ் ஸ்டாண்ட்

அடுத்த வாரம் ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். நுவரெலியா பஸ்ஸுக்குப் பக்கத்தில் இரண்டு உரப் பை, ஒரு சூட்கேஸ், மகள். ராகலையில் இருக்கிற தங்கச்சி வீட்டுக்குப் போகிறார்கள். மகள் இன்னும் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையில் இருந்தாள். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நான் ஒரு பையைத் தூக்கப் போனேன். பாக்கியம் அக்கா வேண்டாம் என்று கையைக் காட்டினார். கோபமாகச் சொல்லவில்லை. அலுத்துப்போன குரலில்தான் சொன்னார்.

"பேரைப் போடாதீங்கன்னு கெஞ்சினேன். கவருல போட்டு அனுப்புனீங்க. பேரைப் போடுங்கன்னு வந்து நின்னேன். என்னையப் பொய்க்காரின்னு போட்டீங்க. லயத்துல இப்ப அந்த ஏழு புள்ளைகளோட ஆத்தாமாருகூட, 'பழைய சோறுதானாமே பாக்கியம், ஏன் அப்படிச் சொன்ன'ன்னு கேக்குறாங்க தம்பி."

பஸ் புறப்பட்டது. நான் கை காட்டவில்லை. எந்த முகத்தோடு காட்டுவது?

பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். பேரை மறைப்பது அச்சில் மட்டுமில்லை. நீங்கள் அனுப்புகிற கடிதம், எடுக்கிற ஃபோன் கோல், போய் நிற்கிற வாசல், எல்லாவற்றிலும் மறைக்க வேண்டும். சட்டத்துக்கு அத்தாட்சி வேண்டுமென்றால் மழையில் நனைந்துகொண்டு நடந்து போய் வாங்குங்கள். மிரட்டல் வந்தால் உங்களோடு யார் நிற்பார்கள் என்பதை எழுதுவதற்கு முன்னால் கேளுங்கள். அதைவிட முக்கியமாக, நீங்கள் நிற்பீர்களா என்று உங்களைக் கேளுங்கள். நான் எழுதிய பிறகுதான் கேட்டேன்.

இதற்கு அப்புறமும் நான் பல வருஷம் நிருபராக இருந்தேன். விருது ஒன்றுகூடத் தந்தார்கள். இரண்டு தடவை ராகலைக்குப் போய்த் தேடினேன். தங்கச்சி குடும்பமே கொழும்புப் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். பாக்கியம் அக்கா இருக்கிறாரா இல்லையா என்றுகூட யாருக்கும் தெரியவில்லை.

கையெழுத்துப் போட்ட தாள் இன்னும் என்னிடம் அந்த ஃபைலில் இருக்கிறது. அதில் உள்ளது அத்தனையும் உண்மை. அவரைத் திரும்பக் கேட்காமல் பேரை வெளியிடக் கூடாது, மகளுக்கு ஏதும் வந்துவிடும் என்று நினைக்கிறேன். ஆனால் அவர்தான் என் முகத்துக்கு நேரே போடச் சொன்னாரே. நான் நினைக்கிறது நெறியா, இல்லை அன்றைக்கு ஃபோனைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்ற அதே பயமா, எனக்குத் தெரியவில்லை. இவ்வளவும் எழுதிவிட்டு, இதிலும் பாக்கியம் என்றுதான் போட்டிருக்கிறேன்.