சாட்சிக்கு வந்த கிடா

காலை பத்தரை மணி, பட்டியலில் நாற்பத்தொரு வழக்கு, வாசலில் நின்று பெயர் கூப்பிட ஒரு டவாலி, அரியலூரில் என்றால் தனசேகரன்: நீதிமன்ற நிருபர் வேலை தினமும் இந்த மூன்றோடுதான் தொடங்குகிறது. எப்போது முடியும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். எனக்குத் திங்கள், புதன் பெரம்பலூர். செவ்வாய், வியாழன் அரியலூர். வெள்ளிக்கிழமை எங்கே பெரிய தீர்ப்போ அங்கே. நீங்களும் ஒரு தடவையாவது வாய்தாவுக்கு அலைந்திருப்பீர்கள். "உங்க கேஸ் மதியத்துக்கு மேலதான்" என்று கேட்டிருப்பீர்கள். டீ குடிக்கப் போனால் அதற்குள் கூப்பிட்டுவிடுவார்களோ என்று கால் மாற்றிக் கால் மாற்றி நின்றிருப்பீர்கள். உங்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை.

கொலையும் கொள்ளையுமாக எவ்வளவோ எழுதியாயிற்று. பாதிக்கு மேல் மறந்தும் போயிற்று. மறக்காமல் நிற்பது ஓர் ஆட்டு வழக்கு.

ஆறு வரிச் செய்தி

கீழப்பழுவூருக்குப் பக்கத்துக் கிராமத்தில் இந்திராணி என்பவர் வீட்டுக் கொட்டகையிலிருந்து ஒரு கிடாக்குட்டி திருட்டுப் போனது. மறுநாள் வாகனச் சோதனையில், மொபெட்டின் முன்னால் குட்டியைச் சாக்கில் கட்டி வைத்துக்கொண்டு வந்த ராசு சிக்கினார். பெரம்பலூர்ப் பக்கத்துக்காரர், கல்யாணமாகாத இளைஞர். 'ஆடு திருடியவர் கைது' என்று ஆறு வரி எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போயிருப்பேன். ஸ்டேஷன் வாசலில் இந்திராணி இடுப்பில் குழந்தையோடு அழுதுகொண்டு நின்றார்.

குழந்தை கவின் பிறந்த புதிதில் காய்ச்சல் வந்து பிழைப்பானா என்றிருந்ததாம். பிழைத்தால் முனியப்பசாமிக்கு முதல் முடி கொடுத்து, காது குத்தி, இந்தக் கிடாவை வெட்டுகிறேன் என்று நேர்ந்துகொண்டார். கிடாவை வெட்டாமல் முடி இறக்க முடியாது. கிடாதான் கிடைத்துவிட்டதே, அழைத்துப்போய்க் காரியத்தை முடிக்க வேண்டியதுதானே என்றேன்.

"கெடைச்சது கெடாதான் சார், ஆனா அது இப்ப போலீசுக்குச் சொந்தமாம்!"

இருவருக்கும் ஜாமீன்

ராசு திருச்சி சிறைக்குப் போனார். கிடா ஸ்டேஷன் புங்கமரத்தில் கட்டப்பட்டது. குரோட்டன்ஸ் செடிகளை முடித்துவிட்டு, கயிற்றை அறுத்துக்கொண்டு உள்ளே போய், எழுத்தர் மேசையிலிருந்த திருவிழா பந்தோபஸ்து உத்தரவிலும் கால் பங்கைத் தின்றது. அதன் பிறகு ஸ்டேஷன்காரர்களே இந்திராணிக்கு மனு எழுதிக் கொடுத்து அவசரப்படுத்தினார்கள்.

ஒரே வாரத்தில் இருவரும் வெளியே வந்தார்கள், இருவருக்கும் நிபந்தனையோடு. ராசு தினமும் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும். கிடாவை விற்கக் கூடாது, வெட்டக் கூடாது, கோர்ட் கேட்கும்போது ஆஜர்படுத்த வேண்டும். படம் எடுத்து வைத்துக்கொண்டு ஆட்டை முழுசாக விடுவிக்கவும் வழி உண்டு. அதை யாரும் இந்திராணிக்குச் சொல்லவில்லை, படமும் எடுக்கவில்லை. எப்போது வெட்டலாம் என்று அவர் கேட்டதற்கு நீதிமன்றத் தலைமை எழுத்தர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கேஸ் முடியிற வரைக்கும் அதுக்கு ஒரு தும்மல் வரக்கூடாதும்மா, பாத்துக்க."

ரெட்டைச் சடை

குற்றப்பத்திரிகை வரத் தாமதம். வந்தது திருப்பி அனுப்பப்பட்டது, ஒரு கையெழுத்து இல்லை என்று. நகல் கொடுக்க ஒரு வாய்தா, குற்றச்சாட்டைப் படித்துக் காட்ட ஒரு வாய்தா. அன்று "குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா?" என்று கேட்டபோது ராசு வாயைத் திறந்தார். அவருடைய வக்கீல் இருமினார். ராசு வாயை மூடிக்கொண்டு, இல்லை என்று தலையை ஆட்டினார். நடுவில் நீதித்துறை நடுவர் மாறுதலாகிப் போனார். நாற்காலி காலியாக இருந்த காலமெல்லாம் அடுத்த தேதி மட்டுமே கிடைத்தது.

வழக்கு எவ்வளவு நாளாக ஓடுகிறது என்பதை நான் கவின் தலையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன். முதலில் முடி காதை மூடியது. அப்புறம் தோளைத் தொட்டது. அங்கன்வாடியில் சேர்த்த வருஷம் ரெட்டைச் சடை பின்னி, நுனியில் ரப்பர் பேண்ட் போட்டுவிட்டிருந்தார் இந்திராணி. பையன் அதைப் பிடுங்கி எறிவான். அம்மா பொறுக்கி வந்து மறுபடி போடுவார். "பாப்பா பேரென்ன?" என்று கன்னத்தைத் தட்டினார் தனசேகரன். பையன் முறைத்தான்.

"பாப்பா இல்லண்ணே, கவினு. கேஸ் முடிஞ்சாத்தான் ஆம்பளப் புள்ளையா தெரிவான்."

ஒரே நாளில் இரண்டு ஊர்

கோர்ட் வாசல் வேப்பமரத்துக்குக் கட்சி பேதம் கிடையாது. திருடியவரும் திருட்டுக் கொடுத்தவரும் ஒரே நிழலில்தான் நிற்க வேண்டும். முதல் வருஷம் இந்திராணி ராசுவைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஒருநாள் வெயிலில் கவின் மயங்கிச் சரிந்தபோது ஓடிப்போய் சோடா வாங்கி வந்தது ராசு. அதிலிருந்து அவர் 'அக்கா' என்பார். இவர் 'ஏம்ப்பா' என்பார்.

ராசுமீது பெரம்பலூரில் ஓர் அடிதடி வழக்கும் இருந்தது. ஒருநாள் இரண்டு ஊரிலும் ஒரே தேதி விழுந்தது. வக்கீலிடம் சொல்லியிருந்தால் ஒரு மனுவோடு போயிருக்கும். ராசு இந்திராணியிடம் சொல்லிவிட்டுப் பெரம்பலூர் போய்விட்டார். அரியலூரில் தனசேகரன் மூன்று முறை கூப்பிட்டார். மூன்றாவது கூப்பாட்டுக்கு இந்திராணி உள்ளே ஓடிவந்து, "ஐயா, அந்தத் தம்பி பெரம்பலூரு கோர்ட்டுக்குப் போயிருக்குதுங்க, வந்துடும்ங்க" என்று கும்பிட்டார். பிடிவாரண்ட் போட வேண்டாம் என்று புகார் கொடுத்தவரே கெஞ்சி நான் பார்த்தது அன்றுதான். பிடிவாரண்ட் போடத்தான் செய்தார்கள். அதை ரத்து செய்வதில் மேலும் சில மாதம் போயிற்று. அன்று கையெழுத்துப் போடும் முன், புதிதாக வந்திருந்த நடுவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு இந்திராணியைப் பார்த்தார்.

"அம்மா, உங்க ஆட்டைத் திருடினவரைத்தானே சொல்றீங்க?"

கிடா ஆஜர்

சாட்சி விசாரணைக்குக் கிடா லோடு ஆட்டோவில் வந்தது. காணாமல் போனபோது சாக்குக்குள் அடங்கிய குட்டி. இப்போது கொம்பு பின்னால் வளைந்து, தாடி தொங்கி, இறக்க மூன்று பேர் வேண்டியிருந்தது. வராண்டாவில் நிறுத்தி, கழுத்தில் சான்றுப் பொருள் சீட்டைக் கட்டினார்கள். தலைமை எழுத்தர் திரும்புவதற்குள் சீட்டைத் தின்றுவிட்டது.

பிடிபட்டதைப் பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டிருந்த டீக்கடைக்காரர் கூண்டில் ஏறி, வெறும் தாளில் போலீஸ் கையெழுத்து வாங்கியதாகச் சொல்லிவிட்டு இறங்கினார். அடுத்து இந்திராணி. ராசுவின் வக்கீல் மெதுவாகத்தான் ஆரம்பித்தார். புகாரில் எழுதியது கொம்பில்லாத கறுப்புக் குட்டிதானே? ஆமாம். அதன் காது நல்லாத்தானே இருந்தது? ஆமாம். வராண்டாவில் நிற்பதன் இடது காது கிழிந்திருக்கிறதே, அது எப்போது கிழிந்தது? ஸ்டேஷனிலிருந்து வரும்போதே கிழிந்திருந்தது, எப்படி என்று தெரியாது என்றார் இந்திராணி. வக்கீல் நடுவர் பக்கம் திரும்பினார்.

"கனம் நடுவர் அவர்களே, காணாமப் போனது வேற, வந்து நிக்கிறது வேற."

தீர்ப்பு

ஆட்டின் அடையாளம் ஐயமற நிரூபிக்கப்படவில்லை. சந்தேகத்தின் பலனை அளித்து ராசு விடுதலை. கிடாவை வேறு யாரும் உரிமை கோராததால் மேல்முறையீட்டுக் காலம் முடிந்ததும் இந்திராணியே வைத்துக்கொள்ளலாம்.

ஆக, வெட்டத் தடை நீங்குகிறது. வாழ்த்துச் சொல்லலாம் என்று வெளியே வந்தால், வேப்பமரத்தடியில் உட்கார்ந்து இந்திராணி அழுதுகொண்டிருந்தார், முதல்முதலாக ஸ்டேஷன் வாசலில் பார்த்தபோது அழுததைவிட அதிகமாக. பக்கத்தில் கவின், இடுப்பளவு சடையோடு, மரத்தை உதைத்துக்கொண்டிருந்தான். ஜூனில் அவனைப் பெரிய பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டும். இந்தச் சடையோடு போக மாட்டேன் என்று காலையிலிருந்தே ரகளையாம்.

"நேந்த கெடா இது இல்லன்னு கோர்ட்டே சொல்லிடுச்சே சார், இதை எப்படி முனியப்பனுக்கு வெட்டுவேன்?"

மரத்தடி சாட்சி

நான் சட்டம் எழுதுகிறவன் இல்லை, சாமிக்காகப் பேசுகிறவனும் இல்லை. அப்போது ராசு வக்கீலோடு படியிறங்கி வந்தார். இந்திராணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, குறுக்கே போய் நின்றார்.

"ஏம்ப்பா, உன்ன விட்டுட்டாங்க, இனிமே எம் வாயால ஒரு சொல்லு வராது. சாமி காரியம். நீ மட்டும் உண்மையச் சொல்லு. இது அந்தக் கெடாதானா?"

ராசு வக்கீலைப் பார்த்தார். வக்கீல் கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு, மணியே அடிக்காத அழைப்பில் "சொல்லுங்க, சொல்லுங்க" என்றபடி கேட்டுக்கு வெளியே போனார். ராசு கவினின் சடையைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"அதேதாங்க்கா, உங்க வூட்டு முள்ளுவேலிக்கு மேல தூக்குறப்ப நான்தான் காதக் கிழிச்சுட்டேன்."

இரண்டாம் பந்தி

மேல்முறையீடு எதுவும் வரவில்லை. முனியப்பன் கோயிலில் எனக்கும் இலை போட்டார்கள். மொட்டைத் தலையும் சிவந்த காதுமாகக் கவின் பந்திக்குப் பந்தி ஓடி, எல்லோரையும் தன் தலையைத் தடவிப் பார்க்கச் சொன்னான். எனக்குப் பக்கத்து இலையில் ராசு. ஒரு துண்டை வெகுநேரம் மென்றுகொண்டிருந்துவிட்டு என் பக்கம் சாய்ந்தார்.

"நான் புடிச்சப்ப எளசா இருந்துச்சு சார், கோர்ட்டுதான் இதை முத்த விட்டுருச்சு."

போன வைகாசி முதல் ஞாயிற்றுக்கிழமை, சந்தேகத்தின் பலன் பெற்ற ராசு மறுசோறு வாங்கிச் சாப்பிட்டு எழுந்ததோடு அந்த வழக்கு முடிவுக்கு வந்தது.