கரண்ட்டும் போயிட்டு வரும்

என் அத்தை வீட்டு டிவி ரிமோட்டில் பேட்டரி தங்கியதே இல்லை. "ரிமோட்டுல பேட்டரி இருக்கா, இல்ல அதுவும் பள்ளிக்கூடம் போயிடுச்சா?" என்பார் மாமா. "படிக்கப் போயிருக்கு, சாயங்காலம் வந்துடும்" என்பாள் அத்தை.

அத்தை தொடக்கப் பள்ளியில் நான்காம் வகுப்பு ஆசிரியை. புதிய அறிவியல் தொழில்நுட்பப் பாடத்திட்டம் வந்தபோது, 'பிள்ளைகள் தாங்களே செய்து பார்க்க வேண்டும்' என்ற வரியை மற்றவர்கள் படித்து மூடி வைத்தார்கள். அத்தை பழைய டார்ச்சுகளைப் பிரிக்க ஆரம்பித்தாள். 'பல்பு டீச்சர்' என்ற பெயர் அப்படி வந்தது.

பெயர் வைத்தவர் பக்கத்து வகுப்புக் கணக்கு வாத்தியார். அத்தையின் செய்முறை வகுப்பு மேல் அவருக்கு ஒரு கண். அந்த நேரம் கிடைத்தால் வாய்ப்பாடு சொல்ல வைக்கலாம். தலைமையாசிரியை ஒரு முடிவு சொன்னார்: "வியாழக்கிழமை அதிகாரி வர்றார். பிள்ளைங்களே பல்பை எரிய வெச்சுக் காட்டட்டும். இல்லன்னா அந்த பீரியட் கணக்குக்கு."

"பல்பு டீச்சர் நல்லா பல்பு வாங்கப் போறாங்க" என்றார் கணக்கு வாத்தியார்.

"வாங்கியாச்சு சார், பெட்டி நிறைய இருக்கு."

வியாழக்கிழமை, அதிகாரி பின்பெஞ்சில் உட்கார்ந்திருக்க, அத்தை பலகையில் 'மின் சுற்று' என்று பெரிதாக எழுதினாள். "நீங்களே செஞ்சு பாருங்க" என்று சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றாள். பிள்ளைகள் ஒயரை எடுத்துப் பேட்டரி மேல் சுற்றினார்கள். நூல்கண்டு மாதிரி நெருக்கமாக, அழகாகச் சுற்றினார்கள். ஒரு பல்பும் எரியவில்லை. வாசலில் கணக்கு வாத்தியார் கனைத்தார்.

அதிகாரி, வகுப்பில் வாயாடி என்று பெயர் வாங்கிய சிறுமியிடம் குனிந்தார். "ஏம்மா இப்படி?"

"டீச்சர்தான் சார் சுத்துன்னு எழுதிப் போட்டிருக்காங்க. நாங்க சுத்திட்டோம். பல்புதான் சொன்ன பேச்சு கேக்கல."

தலைமையாசிரியையின் முகம் வாடியது. அத்தை பலகையைப் பார்த்தாள். பிள்ளைகள் மேல் தப்பே இல்லை. அவள் எழுதிய சொல்லுக்குத்தான் இரண்டு அர்த்தம். அதை அழித்துவிட்டுத் திரும்பினாள்.

"வீட்டைவிட்டுக் கிளம்பும்போது அம்மாகிட்ட என்ன சொல்வீங்க?"

"போயிட்டு வரேன்!"

"வெறும் போறேன்னு சொன்னா?"

"திட்டு விழும்!"

"கரண்ட்டும் நல்ல வீட்டுப் பிள்ளைதான். பேட்டரிதான் அதோட வீடு. பல்பைப் பாக்கக் கிளம்புது. வழி போட்டுக் கொடுங்க."

தலைமையாசிரியை மெல்லக் கிசுகிசுத்தார். "ஒயரை எங்க வைக்கணும்னு சொல்லிடுங்களேன்."

"சொன்னா அது என் பல்பு ஆயிடும் மேடம்."

வாயாடி சுற்றியதையெல்லாம் பிரித்தாள். பேட்டரியின் தலையிலிருந்து பல்புக்கு ஒரு ஒயரை நீட்டிப் பார்த்தாள். "போயிடுச்சு. ஆனா வரல."

பக்கத்திலிருந்தவள் சிரித்தாள். "திரும்பி வர வழி எங்கடி? பின்வாசல் சும்மாதானே கிடக்கு!"

பல்பிலிருந்து பேட்டரியின் அடிக்கு இன்னொரு ஒயர் போனது. பல்பு எரிந்தது. வாயாடி கத்திய கத்தலில் அடுத்த பெஞ்சு எட்டிப் பார்த்தது. கொஞ்ச நேரத்தில் அங்கேயும் எரிந்தது, அதற்கடுத்த பெஞ்சிலும்.

அதிகாரி எழுந்தார். "சரி, நான் போறேன்."

"போயிட்டு வரேன்னு சொல்லுங்க சார், இல்லன்னா எரியாது!" என்றது வகுப்பு மொத்தமும். அவர் சொல்லிவிட்டுத்தான் வாசலைத் தாண்டினார்.

"வாய்ப்பாட்டுக்கு வேற நேரம் பாருங்க சார்" என்றார் தலைமையாசிரியை. கணக்கு வாத்தியார் தலையாட்டினார். ஆனால் நகரவில்லை. எல்லோரும் போன பிறகு அத்தையிடம் வந்தார்.

"ஒரு பல்பு கொடுங்க டீச்சர். என் பொண்ணுக்குக் காட்டணும்."

அத்தை சிரிக்காமல் எடுத்துக் கொடுத்தாள். வீட்டுக்கு வந்துதான் சிரித்தாள்.